கோழிக்கு எந்தப் புழு? கரையான் பானை முதல் சிப்பாய் ஈ வரை

நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் தீவனச் செலவைக் குறைக்கப் புழு வளர்க்கலாம் என்று இறங்கும்போது, பெரும்பாலும் முதலில் தேடுவது எந்தப் புழுவில் எத்தனை சதவீதம் புரதம் என்ற அட்டவணையைத்தான். அந்த அட்டவணையை ஓரமாக வையுங்கள். பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. உங்கள் இடத்தில் நாள்தோறும் என்ன கழிவு எத்தனை கிலோ சேர்கிறது? அந்தப் புழுவைத் தின்னப்போவது குஞ்சா, வளர்ந்த கோழியா? இந்த இரண்டுக்கும் விடை இருந்தால் எந்தப் புழு என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

புரத அட்டவணையை நம்பக்கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆய்வகத்தில் புரதத்தை நேராக அளப்பதில்லை; நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறார்கள். புழுவின் தோலுக்கு உறுதி தரும் கைட்டின் என்ற பொருளிலும் நைட்ரஜன் இருப்பதால் கணக்கு ஏறிவிடுகிறது. புழுக்களுக்கு 4.76 ஆல் பெருக்குவதே பொருத்தம் என்று பின்னாளில் கண்டார்கள். அப்படிப் பார்த்தால் 42 சதவீதம் என்று எழுதியிருக்கும் சிப்பாய் ஈ புழுவில் உண்மையான புரதம் 32 சதவீதம்தான். அதுவும் நல்ல தீவனமே. ஆனால் இரண்டு புழுக்களுக்கு நடுவே நாலைந்து சதவீத வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்க அந்த எண்களில் ஒன்றுமில்லை.

பறவைகளுக்குப் புழு ஏன் தேவை என்பதைக் காட்டைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். சிட்டுக்குருவி தானியம் தின்னும் பறவை. ஆனால் கூட்டில் இருக்கும் குஞ்சுக்கு அது முதல் நாட்களில் கொண்டுவந்து ஊட்டுவது பெரும்பாலும் புழு பூச்சிகளை. காட்டுக்கோழி தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு சருகைக் கிளறிக் கரையானையும் புழுவையும் காட்டிக் கொடுக்கிறது. இறகும் தசையும் ஒரே நேரத்தில் வளரும் பருவத்தில் புரதத்தின் கூறுகளான லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்கள் வேண்டும். தானியத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் இவை இரண்டும் குறைவு. வீட்டுக் கோழிக்குஞ்சும் அதே வயிற்றோடுதான் பொரிக்கிறது. ஆகவே கையில் கொஞ்சமாகப் புழு இருந்தால் அது முதலில் போக வேண்டிய இடம் பஞ்சாரத்துக்குள் இருக்கும் குஞ்சுதான்.

கரையான் பானை

கரையான் கணக்குப்படி புழு அல்ல. முட்டையிலிருந்து வந்ததுமே கால் முளைத்து நடக்கும் பூச்சி அது. ஆனாலும் இந்த ஒப்பீட்டில் அதற்குத்தான் முதல் இடம். காசு செலவில்லை, கழிவு சேர வேண்டியதில்லை, தோல் மெல்லியது, மூன்று நாள் குஞ்சின் அலகுக்குள் அப்படியே போகும்.

ஓட்டை விழுந்த பழைய மண்பானை ஒன்றை எடுங்கள். கிழிந்த கோணி, காய்ந்த வறட்டி, தென்னை மட்டைத் துண்டு, இற்றுப்போன மரப்பட்டை இவற்றைத் திணித்து, பிழிந்தால் சொட்டாத அளவுக்கு நீர் தெளிக்க வேண்டும். கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் மண்ணை லேசாகக் கொத்திவிட்டு, மாலையில் பானையைக் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றி மண் அணைத்து, மேலே ஒரு ஈரச் சாக்கைப் போடுங்கள். நல்ல இடமாக இருந்தால் மறுநாள் காலையிலேயே கோணியெல்லாம் வெள்ளையாக ஊர்ந்துகொண்டிருக்கும். சுமாரான இடத்தில் இரண்டு மூன்று நாள் ஆகும். வெயில் ஏறுமுன் எடுத்துக் குஞ்சுகளுக்கு முன் உதற வேண்டும். சூடு பட்டால் கரையான் சில நிமிடங்களில் செத்துக் காய்ந்துவிடும்; அசையும்போதுதான் குஞ்சு ஆர்வமாகக் கொத்தும். ஒரு பானை 10 முதல் 15 குஞ்சுகளுக்குப் போதும். நான்கைந்து பானைகளை மாற்றி மாற்றி வைத்தால் நாள் தவறாமல் கிடைக்கும்.

பிழை நேர்வது இடத்தேர்வில். வீட்டுச் சுவரோரமும் தென்னங்கன்று பக்கமும் வேண்டவே வேண்டாம். நாமே விருந்து வைத்துக் கரையானை அழைத்ததாகிவிடும். கட்டடத்துக்கோ வயலுக்கோ கரையான் மருந்து ஊற்றிய மண்ணில் பானை வைத்தால், அந்த விஷம் குஞ்சின் வயிற்றுக்குப் போகும். புற்றை வெட்டி எடுக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். சருகையும் மரத்தையும் மண்ணாக்குவது இந்தக் கரையான்தான். பானையில் வருவது வேலைக்காரக் கரையானும் காவல் கரையானும்தான், ராணி புற்றுக்குள்ளேயே இருப்பதால் அடுத்த வாரமும் வரும். புற்றை வெட்டினால் ஒரு நாள் தீவனத்தோடு கதை முடிந்தது.

இதன் எல்லையும் தெளிவு. 50 வளர்ந்த கோழிக்குக் கரையானால் தீவனம் போட முடியாது. மழைக்காலத்தில் தரை நனைந்து கிடக்கும்போது பானைக்குக் கரையான் ஏறுவதும் குறையும். முதல் மூன்று வாரக் குஞ்சுக்கு என்று ஒதுக்கிக்கொண்டால் இதைவிடச் சிறந்தது கிடையாது.

சிப்பாய் ஈ

கருப்பு சிப்பாய் ஈ என்றும் பி.எஸ்.எஃப் என்றும் சொல்கிறார்கள். அமெரிக்கக் கண்டங்களில் தோன்றி உலகின் வெப்பமான பகுதிகளுக்கெல்லாம் பரவிவிட்ட ஈ. நம் ஊர் உரக்குழிகளிலும் இருக்கிறது. குளவி என்று நினைத்து விரட்டியிருப்பீர்கள். ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளம், கறுத்த உடல், கால் நுனிகளில் மட்டும் வெள்ளை. வயிற்றின் தொடக்கத்தில் ஒளி ஊடுருவும் இரண்டு சின்னச் சன்னல்கள் தெரியும். கடிக்காது, கொட்டாது, வளர்ந்த ஈ நம் சோற்றில் வந்து உட்காராது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில் ஒரு வாரம் பத்து நாள் வாழ்ந்து, முட்டையிட்டுச் சாகும். நோய் பரப்பும் வீட்டு ஈயோடு இதைச் சேர்த்துப் பேசக்கூடாது. உண்மையில் இதன் புழு நிறைந்த கழிவில் வீட்டு ஈ முட்டையிடுவது வெகுவாகக் குறைகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் கிரெய்க் ஷெப்பர்ட் 1980களில் கோழிப்பண்ணை எருவில் செய்த ஆய்வுகள் இதைத்தான் காட்டின.

உங்களிடம் காய்கறி, பழம், சோறு என்று ஈரக்கழிவு சேர்கிறதென்றால் வளர்ந்த கோழிக்கு இதுவே சரியான தேர்வு. எவ்வளவு கழிவு வேண்டும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். வளர்ந்த கோழி ஒன்றுக்கு நாளைக்கு 10 முதல் 15 கிராம் பச்சைப் புழு போதும். 50 கோழிக்குச் சுமார் 600 கிராம். நல்லபடி நடந்தால் கழிவின் எடையில் 15 முதல் 20 சதவீதம் புழுவாகத் திரும்பும். ஆக நாளொன்றுக்கு 4 கிலோ ஈரக்கழிவு வேண்டும். ஒரு குடும்பத்தின் அடுப்பங்கரைக் கழிவு இதற்குக் காணாது; பத்துக் கோழிக்குத்தான் சரியாக இருக்கும். பழச்சாறுக் கடையோ காய்கறிச் சந்தையோ உணவகமோ பக்கத்தில் இருந்து, அங்கிருந்து தவறாமல் எடுத்துவர ஆள் இருந்தால் மட்டும் 50 கோழிக்கு இதை நம்பி இறங்கலாம். ஈ வளர்ப்புக் கூண்டுக்குப் பணம் போட்டுவிட்டுப் பிறகு கழிவு தேடி அலைவதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் தவறு.

தட்டுக் கணக்கு இது. 60 x 40 சென்டிமீட்டர், 17 சென்டிமீட்டர் உயரமுள்ள ட்ரே ஒன்றில் 5 நாள் வயதுப் புழு 10,000 விட வேண்டும். 12 நாளில் மொத்தம் 15 கிலோ ஈரக்கழிவை மூன்று தவணையாகக் கொடுக்க வேண்டும். கழிவின் கனம் 5 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. அதற்குக் கீழே காற்று போகாமல் புளித்து நாறும். பதின்மூன்றாம் நாள் 2 முதல் 3 கிலோ புழு அள்ளலாம். நான்கு நாள் இடைவெளியில் மூன்று ட்ரேக்களைத் தொடங்கினால் மேலே சொன்ன 600 கிராம் நாள்தோறும் வந்துகொண்டிருக்கும். முட்டையைக் கிராம் கணக்கில் வாங்குவதானால், 1 கிராமில் 35,000 முதல் 40,000 முட்டைகள் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். முழுவதையும் ஒரே ட்ரேயில் கொட்டினால் குச்சியாகவே நின்றுவிடும் புழுதான் மிஞ்சும். நான்கு நாளில் பொரியும் அந்தக் குஞ்சுப்புழுவுக்கு முதல் ஐந்து நாள் கழிவு வேண்டாம். குஞ்சுத் தீவனத்தை நீரில் குழைத்துக் கொடுத்தால் இழப்பு குறையும்.

முட்டை வாங்காமல் காட்டு ஈயை வரவழைக்கவும் முடியும். ஈரத் தவிட்டில் கொஞ்சம் வெல்லம் கரைத்து நாலைந்து நாள் புளிக்க வைத்து, நிழலில் ஒரு வாளியில் வைத்து, அதன் மேல் நெளி அட்டைத் துண்டுகளைக் கட்டித் தொங்கவிடுங்கள். பெண் ஈ ஈரத்தில் முட்டையிடாது. பக்கத்தில் இருக்கும் காய்ந்த இடுக்கில்தான் 500 அளவில் கொத்தாக இடும். முதலில் வருவது வீட்டு ஈயின் புழுவாகவே இருக்கும். அது வழவழவென்று, தலைப்பக்கம் கூம்பி, பின்பக்கம் மழுங்கி, அந்த மழுங்கலில் இரண்டு கரும்புள்ளிகளோடு இருக்கும். சிப்பாய் ஈயின் புழு தட்டையானது, வரிவரியாகக் கட்டம் போட்ட சொரசொரப்பான தோல், சின்னக் கருந்தலை. விரலால் உருட்டிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

எங்கே கெடும்? வெள்ளைப் புழுக்கள் கூட்டமாகச் சுவரேறினால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். உமியோ தென்னை நார்க்கழிவோ மரத்தூளோ கலந்து, பிடித்தால் கையில் லேசாக ஈரம் படும் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். கறுத்த புழு மட்டும் ஏறினால் அது கூட்டுப்புழுவாகப் போகிறது, கவலை வேண்டாம். 30 முதல் 45 பாகைச் சரிவில் ஒரு பலகை வைத்து, மேலே ஒரு டப்பாவில் விழச் செய்தால் அவை தாமாகவே வந்து சேரும். புளிப்பு நாற்றம் என்றால் அளவுக்கு மேல் கொட்டிவிட்டீர்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் ட்ரே வைத்தால், புழுக்கூட்டம் தானே எழுப்பும் சூடும் சேர்ந்து 40 பாகையைத் தாண்டிக் கொத்தாகச் செத்துப்போகும். கீற்றுக் கொட்டகைதான் நல்லது. எறும்பு ஏறிவிட்டால் ஒரே இரவில் முட்டையும் கூட்டுப்புழுவும் காலி. ட்ரே வைத்திருக்கும் தாங்கியின் கால்களைச் சோப்புநீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள், தூசி படிந்து பாலம் ஆகிவிடாமல் வாரம் ஒருமுறை நீரை மாற்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வேறொரு தொல்லை. இந்த ஈக்கள் வெயிலில் பறந்தபடி இணைபவை. அடைமழைக் காலத்தில் கொசுவலைக் கூண்டுக்குள் ஈ நிறைய இருக்கும், முட்டை இராது. அந்த இரண்டு மாதத்துக்காகப் புரட்டாசியிலேயே புழுவைக் காயவைத்துச் சேமிக்க வேண்டும்.

தீவனத்துக்கு எடுக்கும் நேரமும் முக்கியம். ட்ரேயில் பத்தில் ஒரு பங்கு புழு கறுக்கத் தொடங்கியதும் அள்ளிவிடுங்கள். கறுத்தவற்றின் தோலில் கைட்டின் கூடுவதால் செரிமானம் குறையும். அவற்றை ஈயாக வளர விடலாம். அள்ளியதை ஒரு நாள் உலர்ந்த தவிட்டில் விட்டுக் குடலைக் காலியாக்கி, கழுவி, கொதிநீரில் ஒன்றிரண்டு நிமிடம் முக்கி எடுத்துக் கொடுங்கள், அல்லது வெயிலில் காயவையுங்கள். இந்தப் புழு கழிவில் உள்ள கிருமிகளைக் குறைக்கிறது, ஒழிப்பதில்லை. அதனால் கோழி எச்சத்தில் வளர்த்த புழுவைக் கோழிக்கே போடக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் மீன் தீவனத்துக்கும் 2021இல் கோழி, பன்றித் தீவனத்துக்கும் பூச்சிப் புரதத்தை அனுமதித்தபோதுகூட, எருவிலும் உணவகக் கழிவிலும் அந்தப் பூச்சிகளை வளர்ப்பதைத் தடை செய்தே வைத்திருக்கிறது. உணவகக் கழிவைத் தொடுவதானால் ஊறுகாய், கருவாட்டுத் தண்ணீர், பொரித்த எண்ணெய் ஆகியவற்றைப் பிரித்துவிடுங்கள். சாக்கடை மண்ணும் தொழிற்சாலைக் கழிவும் வேண்டவே வேண்டாம். காட்மியம் போன்ற உலோகம் இந்தப் புழுவின் உடலில் சேர்ந்து நிற்கும்.

சுண்ணாம்புச் சத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. இந்தப் புழுவின் காய்ந்த எடையில் 5 முதல் 8 சதவீதம் கால்சியம் என்பது உண்மை. அதனால் முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். 12 கிராம் பச்சைப் புழு காய்ந்தால் 5 கிராம்கூட வராது. அதில் கிடைப்பது 0.3 கிராம் கால்சியம். முட்டையிடும் கோழிக்கு நாளைக்கு வேண்டியது ஏறத்தாழ 4 கிராம். கிளிஞ்சலை நிறுத்தினால் தோல்முட்டைதான் வரும். புழுவை அளவு மீறிப் போட்டால் அதிலுள்ள 30 சதவீதம் வரையான கொழுப்பு கோழியின் வயிற்றுக்குள் படிந்து முட்டை குறையும்.

பட்டுக்கூட்டுப் புழு

தருமபுரி, கிருஷ்ணகிரி, உடுமலை, கோபி பக்கம் இருப்பவர்கள் சிப்பாய் ஈ பற்றி யோசிக்குமுன் அருகில் பட்டு நூற்பு ஆலை இருக்கிறதா என்று பாருங்கள். 1 கிலோ கச்சாப் பட்டு எடுத்தால் சுமார் 8 கிலோ ஈரக் கூட்டுப்புழு மிஞ்சும். காய்ந்தால் 2 கிலோ. புரதம் பாதிக்கும் மேல், லைசினும் மெத்தியோனினும் நிறைவு. கூட்டோடு வெந்நீரில் வெந்து வருவதால் கிருமிப் பயமும் ஆலையை விட்டு வரும்போது குறைவு.

குறை அதன் கொழுப்பில்தான். நனைந்த மூட்டையை ஒரு நாள் கட்டிவைத்தால் காறிப்போய் நாற்றமெடுக்கும், அந்த வாடை முட்டையிலும் கறியிலும் ஏறும். ஆகவே ஆலையில் எடுத்த அன்றே தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பிவிட வேண்டும். கிள்ளினால் மொறுமொறுவென்று உடையும்வரை காயட்டும். செக்கில் எண்ணெய் எடுத்துவிட்டுப் பிண்ணாக்காகச் சேமித்தால் இன்னும் நாள்படத் தாங்கும். மொத்தத் தீவனத்தில் 5 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு, கறிக்கு விற்கும் கோழிக்கு விற்பனைக்கு இரண்டு வாரம் முன்பே விட்டுவிடுவது நல்லது. மணலும் உப்பும் கலந்த கருவாட்டுத் தூளைவிட இது எவ்வளவோ மேல்.

மீல்வார்ம்

கோதுமைத் தவிட்டில் வளரும் வண்டுப் புழு. சுத்தமானது, நாற்றமில்லை, வீட்டுக்குள் ஒரு பெட்டியில் வளர்க்கலாம், ஈரத்துக்குக் காரட்டோ உருளைத்துண்டோ போதும். ஆனால் கோழிப்பண்ணைக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது. 1 கிலோ பச்சைப் புழுவுக்கு 2.2 கிலோ தீவனம் போகிறது. அந்தத் தவிட்டைக் கோழியே தின்னும். கழிவைத் தீவனமாக்குவது வேறு, தீவனத்தையே புழுவாக்குவது வேறு. புழு முற்றுவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் பிடிக்கும், நம் கோடைச் சூடும் அதற்கு ஆகாது. வண்டுகள் தம் முட்டையையே தின்பதால் பத்து நாளுக்கொரு முறை சலித்துப் பிரிக்கும் வேலையும் சேர்கிறது.

கூண்டுப் பறவை, வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கு இது சரி. கால்சியம் மிகக் குறைவு என்பதால் இதை மட்டுமே ஊட்டிய குஞ்சுகளுக்கு எலும்பு வளையும். கொடுப்பதற்கு முந்தைய நாள் கிளிஞ்சல் தூள் கலந்த தவிட்டில் புழுவை விட்டெடுங்கள்.

வீட்டு ஈயின் புழு

நாலைந்து நாளில் தயார், வளர்ப்பதும் எளிது. இருந்தாலும் கூடாது. தப்பும் ஒவ்வொரு ஈயும் அண்டை வீட்டுக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுபோகும். கோழியின் நாடாப்புழு வகை ஒன்றுக்கு வீட்டு ஈயே இடைத்தங்கல் உயிரி; அந்த ஈயைத் தின்னும் கோழிக்கு நாடாப்புழு தொற்றும்.

இதைவிடக் கொடியது செத்த கோழியில் வளரும் புழு. அழுகும் உடலில் உண்டாகும் பொட்டுலினம் நஞ்சு அங்கே மேயும் புழுவை ஒன்றும் செய்யாது, அதன் உடலில் சேர்ந்துவிடும். அப்படிப்பட்ட புழு சிலவற்றைத் தின்ற கோழிக்கு முதலில் கால் தளரும், பிறகு இறக்கை தொங்கும், கடைசியில் கழுத்து துவண்டு தலை தரையில் கிடக்கும். இறகைப் பிடித்து இழுத்தால் கையோடு வரும். வெள்ளைக்கழிச்சல் என்று எண்ணி மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். வேலியோரம் செத்துக் கிடக்கும் எலியையோ கோழியையோ யாரும் தேடியிருக்க மாட்டார்கள். செத்ததை அன்றே சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள். சிப்பாய் ஈ தொட்டியிலும் அதைப் போடாதீர்கள்.

சாணக்குழியில் கிடக்கும் வெள்ளைப் புழு

தென்னை வைத்திருப்பவர்களுக்கு வளர்க்காமலே கிடைக்கும் புழு ஒன்று உண்டு. எருக்குழியை வெட்டும்போது வளைந்து கிடக்கும் தடித்த வெள்ளைப் புழு காண்டாமிருக வண்டினுடையது. குழிக்குள் இருக்கும்வரை சாணத்தை மக்கவைக்கும்; வண்டானதும் தென்னங்குருத்தைக் குடையும். எரு அள்ளும் நாளில் கோழிகளை அவிழ்த்துவிட்டால் தீவனமும் ஆச்சு, தென்னைக்கும் நல்லது. பெரிய புழுவைக் குஞ்சுகளுக்கு நறுக்கிப் போட வேண்டும். குழியில் மெட்டாரைசியம் பூஞ்சை தெளித்திருந்தால், விறைத்துப் பச்சையாகப் பூத்துக் கிடக்கும் புழுக்களை மட்டும் தொடாமல் அங்கேயே விடுங்கள். மற்றப் புழுக்களுக்குப் பூஞ்சை பரவுவது அவற்றிலிருந்துதான். வருடத்தில் சில நாள் கிடைப்பது இது, இதை நம்பித் தீவனக் கணக்குப் போட முடியாது.

புதிதாகத் தொடங்குபவர் இந்த வரிசையில் போகலாம். குஞ்சு பொரிக்கும் வாரத்தில் கரையான் பானை. நூற்பு ஆலை எட்டும் தூரத்தில் இருந்தால் கூட்டுப்புழு ஒரு மூட்டை வாங்கிக் காயவைத்துப் பார்ப்பது. இரண்டு வாரம் தொடர்ந்து கழிவை எடைபோட்டு, நாளுக்கு 4 கிலோ தவறாமல் வருகிறது என்று உறுதியான பிறகு தை மாதத்தில் சிப்பாய் ஈக்கு ஒரே ஒரு ட்ரே. மழை விட்டு வெயில் தெளியும் காலம் என்பதால் ஈ இணைவதற்கும் அப்போதுதான் வசதி. முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை 40 முதல் 45 நாள் ஆகும். அந்த ஒரு சுற்று முழுவதும் சொந்த ஈயிலிருந்தே முட்டை கிடைத்தபின் இரண்டாவது, மூன்றாவது ட்ரேயைச் சேருங்கள்.